குன்னூர் ஈரத்துக்கு ஏற்ற ஷேவிங் பிரஷ்: புது சோப்பு, பன்றிமுடி பிரஷ், மாமாவின் பழைய கைப்பிடி

நுரை டப்பாவை விட்டுவிட்டு, கட்டி சோப்பும் பிரஷுமாகப் பழைய முறைக்கே போய்விடுவது என்று தீர்மானித்துப் போன ஐப்பசியில் சில சாமான்கள் வரவழைத்தேன். இத்தாலியின் புரோராசோ பச்சைக் கிண்ண சோப்பு, துருக்கியின் ஆர்கோ குச்சி சோப்பு, ஒமேகா பன்றிமுடி பிரஷ் ஒன்று. இவற்றோடு, கைப்பிடி இல்லாமல் வெறும் செயற்கை இழைக் கொத்து ஒன்று. அது என் மாமனாரின் பழைய பிரஷுக்காக.

ஐப்பசி என்றால் குன்னூரில் அடைமழை. கூடலூர், ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டும். எங்களுக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். மலைப்பாதையில் மண் சரிந்ததால் பார்சல் மேட்டுப்பாளையத்திலேயே கிடந்து, ஓரமெல்லாம் நனைந்துதான் மேலே வந்தது. இந்தப் பதிவில் அந்த ஈரத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். எந்த பிரஷ் நல்லது என்று கேட்டால் சமவெளியில் இருப்பவர்கள் முடியின் மென்மை, நுரையின் அளவு என்று பேசுவார்கள். வாரக்கணக்கில் துணியே காயாத ஊரில் நான் முதலில் பார்ப்பது, அந்த பிரஷ் மறுநாள் காலைக்குள் காயுமா என்பதைத்தான்.

முதலில் சோப்பு. குளியல் சோப்பைத் தேய்த்தும் சவரம் செய்யலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதன் நுரை பெரிய குமிழிகளாக வந்து, பிளேடு கன்னத்தைத் தொடுவதற்குள் வடிந்துவிடும். சவர சோப்பின் வேலையே வேறு. புரோராசோ கிண்ணத்தின் பின்பக்கம் தண்ணீருக்கு அடுத்தபடியாக ஸ்டியரிக் அமிலம், பிறகு தேங்காய் எண்ணெய், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்று போட்டிருக்கிறது. தேங்காய் எண்ணெய் சீக்கிரம் நுரை எழுப்பும். ஸ்டியரிக் அமிலம் அந்த நுரையைப் பொடிக் குமிழிகளாக்கி நெடுநேரம் நிற்க வைக்கும். குளியல் சோப்புக்குப் போடும் சோடியம் காரம் கட்டியை இறுக்கிவிடும். பொட்டாசியம் காரத்தில் செய்த சோப்பு இளக்கமாக இருந்து தண்ணீரில் சட்டென்று கரையும். வாங்குமுன் இந்த மூன்றையும் தேடிப் படித்தால் போதும், டப்பாவின் முன்பக்கத்தைப் படிக்கவே வேண்டாம். சில சவர சோப்புகளில் விலங்குக் கொழுப்பு சேர்கிறது. பட்டியலில் 'டேலோவேட்' என்று முடியும் சொல் இருந்தால் அதுதான் பொருள். அது வேண்டாம் என்பவர்களுக்கு, முழுக்கத் தாவர எண்ணெயில் செய்த சோப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

புரோராசோவைச் செய்யும் மார்ட்டெல்லி நிறுவனம் 1908-இல் ஃபிளாரன்ஸ் நகரில் தொடங்கியது. அதன் பச்சை சோப்பின் வாசனை யூகலிப்டஸும் மென்தாலும். எங்கள் மலையில் யூகலிப்டஸைக் கற்பூர மரம் என்போம். தைலம் விற்காத சுற்றுலாக் கடை இங்கே அபூர்வம். கிண்ணத்தைத் திறந்ததும் வீடு முழுக்க அந்த மணம். என் மனைவி, "இதுக்கா இத்தாலியிலிருந்து வரவழைச்சீங்க, சிம்ஸ் பூங்கா வாசல்ல பாட்டில் பாட்டிலா இருக்கே" என்றாள். கடைத் தைலத்தை நேராக நுரையில் சொட்டிப் பார்க்கலாமே என்று யாருக்காவது தோன்றினால், வேண்டாம். எண்ணெய் கலந்தால் நுரை அமுங்கும். நீர்க்காத தைலம் புதிதாக மழித்த தோலில் பட்டால் எரியும், சிலருக்குத் தடித்தும் போகும். சோப்பு செய்யும்போதே மிகச் சிறிய அளவில் அது கலந்திருப்பது வேறு விஷயம்.

மென்தால் முகத்தின் வெப்பத்தைக் குறைப்பதில்லை. குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். மார்கழியில் குழாய்த் தண்ணீரே விரலைக் கடிக்கும்போது அந்தத் தூண்டுதல் எனக்குத் தேவைப்படவில்லை. அதனால் பனிக்காலம் முழுக்க ஆர்கோ, பங்குனிக்கு மேல் புரோராசோ என்று பிரித்துக்கொண்டேன். ஆர்கோ எலுமிச்சைப் புல் போன்ற ஒரு வாசனை, சிலருக்குப் பிடிக்காது. குச்சியை நனைந்த தாடியில் நேராகத் தேய்த்து, மேலே பிரஷை ஓட்டினால் போதும். விலைக்கு இவ்வளவு நல்ல நுரை தரும் சோப்பு வேறு நான் பார்க்கவில்லை.

இனி பிரஷ். பன்றிமுடி பிரஷ் பெட்டியிலிருந்து வெளியே வரும்போது பட்டி வாடை அடிக்கும், பயப்பட வேண்டியதில்லை. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒருமுறை நன்றாக அலசி, பிறகு சோப்பு நுரை கட்டி இரவு முழுக்க அப்படியே விட்டுக் காலையில் கழுவினால் பாதி போய்விடும். மீதி, பயன்படுத்தப் பயன்படுத்தப் போகும். முதல் சில வாரம் ஒன்றிரண்டு முடி உதிர்வதும் வழக்கம்தான். கொத்துக் கட்டும்போது பசையில் பிடிபடாமல் இடையில் நின்ற முடிகள் அவை.

இந்த பிரஷின் அழகே பழக்கத்தில்தான் இருக்கிறது. புதிதில் ஒவ்வொரு முடியும் நுனிவரை கெட்டியாக இருக்கும், கன்னத்தில் குத்தும். நனைந்து, வளைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து வரும்போது ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டாக மூன்றாகப் பிளக்கிறது. முதுகு விறைப்பாகவே இருக்க, நுனி மட்டும் பஞ்சாகிறது. அந்த நிலை வந்த பிறகு எனக்கு இதைவிடப் பிடித்த பிரஷ் இல்லை. பேட்ஜர் என்ற விலங்கின் முடி தொடக்கத்திலிருந்தே மெத்தென்று இருக்கும், உண்மைதான். ஆனால் கட்டி சோப்பின் மேல் சுற்றும்போது அதில் இந்தப் பிடிமானம் கிடைப்பதில்லை.

இன்னொரு விஷயம், பழகாத பன்றிமுடி நுரையை விழுங்கும். சோப்பில் சுற்றி எடுக்கும்போது நிறைய இருப்பது போலத் தெரியும், முகத்துக்குப் போனால் காணாமல் போகும். முடியே தண்ணீரை உறிஞ்சும் தன்மை கொண்டது. அது நிறைவதற்குள் நாம் நுரையைக் கட்டினால், நுரையிலிருக்கும் தண்ணீரையும் அது எடுத்துக்கொள்கிறது. அதனால் முகம் கழுவப் போகுமுன்பே பிரஷை வெதுவெதுப்பான நீரில் முடி மட்டும் மூழ்கும்படி நிறுத்திவைத்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். கொதிநீர் ஆகவே ஆகாது. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும், முடியைக் கெடுக்கவும் அடிப்பசையை இளக்கவும் அது தாராளம். கை பொறுக்கும் சூடு எதுவோ அதுவே பிரஷுக்கும் அளவு.

நனைந்த பிரஷை இரண்டு உதறு உதறிவிட்டு, சோப்பின் மேல் அரை நிமிடமாவது சுற்ற வேண்டும். பெரும்பாலோர் பத்து விநாடியில் நிறுத்திவிட்டு, சோப்பு சரியில்லை என்கிறார்கள். முடியின் இடையில் பசை போல வெள்ளையாக ஏறியதும் கிண்ணத்துக்குப் போகலாம். அங்கிருந்து எல்லாம் தண்ணீர்க் கணக்கு. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்த வகையில், ஒரு கிராம் சோப்புக்குப் பத்து மில்லி தண்ணீருக்குக் குறையாமல் வாங்குகிறது. அதை ஒரேயடியாக ஊற்றாமல், விரல் நுனியால் சொட்டுச் சொட்டாகத் தெளித்துக் கலக்க வேண்டும். முதலில் உலர்ந்த, உயரமான நுரை வரும். பார்க்க நன்றாக இருந்தாலும் பிளேடு அதில் இழுக்கும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்ததும் நுரை தாழ்ந்து, மேலே ஒரு பளபளப்பு வரும், லேசாகக் கடைந்த தயிர் மாதிரி. அந்தப் பளபளப்பு வந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

குன்னூரில் இது சுலபமாகவே வருகிறது. ரேலியா அணைத் தண்ணீர் எங்கள் குழாயில் வரும் நாட்களில், கொஞ்சம் சோப்பிலேயே கிண்ணம் நிறைகிறது. அதே சோப்பைத் திருப்பூரில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆழ்துளைக் கிணற்று நீரில் திணறுகிறது. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத மாவாகப் பிரிந்துவிடும். நுரைக்கு மிஞ்சுவது பாதி சோப்புதான். அப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்கள் கேன் தண்ணீரை ஒரு டம்ளர் எடுத்துச் சூடாக்கி நுரைக்கு மட்டும் பயன்படுத்தினாலே வித்தியாசம் தெரியும்.

எங்கள் சிக்கல் நுரை வருவதில் இல்லை, அது ஆறிப்போவதில் இருக்கிறது. தை மாதக் காலையில் முதல் சுற்று மழித்து முடிக்குமுன் கிண்ணத்து நுரை பனிக்கட்டித் தண்ணீராகிவிடும். இதற்கென்றே அடியில் வெந்நீர் ஊற்றும் இரட்டைச் சுவர்ப் பீங்கான் கிண்ணங்கள் வெளிநாட்டில் விற்கிறார்கள். எனக்கு வீட்டு டபராவே போதுமானதாக இருந்தது. அகலமான ஒரு பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, அதில் எவர்சில்வர் டபராவை மிதக்காமல் உட்காரும்படி வைத்து, டபராவுக்குள் நுரை கட்டுகிறேன். எவர்சில்வர் தகடு மெல்லியது, வெந்நீரின் சூடு உடனே உள்ளே ஏறிவிடும். இரண்டாம் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் நுரை வெதுவெதுப்பாகவே இருக்கிறது. அதோடு, மழிக்குமுன் தாடியை வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் நனைய விடுவதும் முக்கியம். தண்ணீரை உறிஞ்சிய முடி காய்ந்த முடியைவிட மிக எளிதில் வெட்டுப்படும். குளிரில் அந்த உறிஞ்சல் மெதுவாகத்தான் நடக்கிறது.

அப்புறம் மாமாவின் பிரஷ். அவர் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஈட்டி மரத்தில் கடைந்த கைப்பிடி, இடையில் சிறுத்து அடியில் அகன்று, கட்டைவிரல் படும் இடம் தேய்ந்து பள்ளமாகி இருக்கிறது. முடி பாதி கொட்டிவிட்டது, மீதியின் வேரில் கறுப்புப் பூஞ்சை. "மாப்பிளை, முடியத் தூக்கிப் போட்டுடுங்க. கட்டைய மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்று கொடுத்தார்.

பழைய விலங்கு முடியைக் காப்பாற்ற நானும் நினைக்கவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் பேட்ஜர் முடி கிடைக்காமல் போய், ஒழுங்காகச் சுத்திகரிக்காத குதிரை முடியை வைத்துச் செய்த பிரஷ்களால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலருக்கு ஆந்த்ராக்ஸ் தொற்றியது. மாமாவின் பிரஷ் அவ்வளவு பழசில்லை, ஆனாலும் எந்த முடி, எங்கே வாங்கியது என்று அவருக்கே நினைவில்லை. வெட்டுக்காயம் படும் இடத்தில் வைக்கும் பொருளில் இந்தச் சந்தேகத்தை மிச்சம் வைக்கக் கூடாது.

பிளாஸ்டிக் கைப்பிடியாக இருந்தால் சிலர் வெந்நீர் ஆவி காட்டிப் பசையை இளக்கிக் கொத்தைப் பிடுங்குவார்கள். மரத்துக்கு அது வேண்டாம், வெடிக்கும். கைப்பிடியைத் துணி சுற்றி, வைஸ் என்னும் பட்டறைப் பிடிகருவியில் மெதுவாகப் பிடித்து, ஹாக்ஸா பிளேடால் முடியை விளிம்போடு அறுத்தேன். மேலே தெரிந்தது முடியும் பசையும் சேர்ந்து கல்லாகிப்போன ஒரு வட்டு. அதன் நடுவில் ஆணியால் குறி தட்டி, 4 மி.மீ. பிட்டால் ஒரு துளை போட்டு ஆழம் பார்த்தேன். துரப்பணத்தூளின் நிறம் மாறும் இடம்தான் அடிமரம். பசைத்தூள் சாம்பல், ஈட்டித்தூள் கரும்பழுப்பு. பிறகு அந்த வட்டுக்குள்ளேயே நெருக்கமாகப் பல துளைகள் போட்டு, இடைச்சுவர்களைச் சிற்றுளியால் தட்டி எடுத்தேன்.

துளையை அகலப்படுத்துவதில்தான் பொறுமை வேண்டும். வந்திருந்த கொத்தின் அடி 24 மி.மீ. பழைய துளை 21 மி.மீ. சுவர் எல்லாப் பக்கமும் 3 மி.மீ.க்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் மரம் உப்பும்போது பிளக்கும். வெர்னியரில் அளந்து வட்டம் கீறி, கையில் பிடிக்கும் சுழல் கருவியில் உப்புத்தாள் உருளை மாட்டி, ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று தேய்த்துக்கொண்டே வந்தேன். பெரிய பிட் போட்டு ஒரே மூச்சில் குடைந்தால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் பழைய பசை ஒரு பக்கம் கெட்டி, மரம் ஒரு பக்கம் மிருது என்றிருக்கும்போது பிட் மிருதுவான பக்கம் ஓடிவிடும். பட்டறைத் துரப்பணம் இருப்பவர்கள் வேண்டுமானால் அதைச் செய்யலாம்.

கொத்தை எவ்வளவு ஆழத்தில் உட்கார வைக்கிறோமோ அதுதான் பிரஷின் குணத்தைத் தீர்மானிக்கிறது. ஆழமாக இறக்கினால் வெளியே நிற்கும் முடி குட்டையாகி விறைக்கும். மேலாக வைத்தால் நீண்டு துவளும். பசை போடாமலே துளைக்குள் வாஷர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கொத்தை நிறுத்தி, ஈரக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். வெளியே 52 மி.மீ. நிற்கும்போது சரியாக இருந்தது. செயற்கை இழை இயல்பிலேயே துள்ளும், அதனால் இதைவிட ஆழமாக இறக்க வேண்டியதில்லை.

ஒட்டியது அரால்டைட்டால். பசையும் கெட்டியாக்கியும் சம அளவு. முதலில் துளைச் சுவர் முழுக்க மெல்லிசாக ஒரு பூச்சு, தண்ணீர் மரத்துக்குள் இறங்காமல் இருக்க. பிறகு அடியில் கொஞ்சம், பக்கத்தில் கொஞ்சம். அதிகம் வைத்தால் இழைக்குள் ஏறிக் கொத்தின் அடி கட்டையாகிவிடும். கைப்பிடியை மெதுவாகச் சுற்றிக்கொண்டே, கொத்து எல்லாப் பக்கமும் நேராக நிற்கிறதா என்று கண்மட்டத்தில் பார்த்து நிறுத்த வேண்டும். டியூபில் போட்டிருக்கும் இறுகும் நேரம் சமவெளி வெப்பத்துக்கானது. பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். சமையலறையில் அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியில் வைத்து, நகத்தால் அழுத்தினால் தடம் விழாத வரை அதைத் தொடவே இல்லை.

மேற்பூச்சுக்கு அரக்குப் பாலிஷ் போடச் சொன்னார்கள். ஈட்டி மரத்தில் அது தரும் நிறம் அழகுதான், ஆனால் வெந்நீர் பட்டுப்பட்டு வெளுக்கும். அதனால் பாலியூரித்தேன் வார்னிஷையே மெல்லிய பூச்சுகளாகப் போட்டு, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் 400 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டேன். அடிப்பக்கத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு பூச்சு. ஈரத் திண்டில் நிற்பது அந்தப் பக்கம்தான், மரத்தின் இழைவாய் திறந்திருப்பதும் அங்கேதான். கட்டைவிரல் பள்ளத்தைச் சமன் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

மாமா வாங்கியதும் வழக்கம்போல டம்ளர் வெந்நீரில் அமுக்கப் போனார். "இதுக்கு ஊறல் வேண்டாம் மாமா, நனைச்சாலே போதும்" என்றேன். செயற்கை இழை தண்ணீரை உறிஞ்சாது. இழைகளின் இடையில் நிற்கும் நீர் மட்டும்தான். அதனால் நன்றாக உதறிவிட்டு, சோப்பு ஏற்றி, தண்ணீரைப் பிறகு சேர்ப்பது இதற்குச் சரியான வழி. இல்லாவிட்டால் முதலிலேயே நீர்த்துக் கையெல்லாம் வழியும். அவருக்கு ஒரே ஒரு குறை. முகத்தில் சூடு தங்கவில்லை என்றார், அது உண்மைதான். பன்றிமுடி தனக்குள் வைத்திருக்கும் வெந்நீர் இதில் இல்லை.

ஆனால் ஈரக் கணக்கில் இதுவே ஜெயிக்கிறது. இரண்டு பிரஷையும் கழுவி, உதறி, துண்டில் துடைத்து, தராசில் வைத்துப் பார்த்தேன். பன்றிமுடியில் அதற்குப் பிறகும் நாலைந்து கிராம் தண்ணீர் நிற்கிறது. கார்த்திகை மூடுபனியில் குளியலறை அலமாரியில் வைத்தால் மறுநாள் காலையும் அது முழுதாகப் போவதில்லை. செயற்கை இழை மதியத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடுகிறது. தலைகீழாகத் தொங்கவிட்டால் சீக்கிரம் காயும் என்பார்கள். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முடிகளுக்கு நடுவில் சிக்கிய நீரைக் கீழே இழுக்கப் புவியீர்ப்பு போதாது, காற்றுதான் எடுத்துப்போக வேண்டும். அதே பன்றிமுடி பிரஷைக் குளியலறையிலிருந்து சமையலறை ஜன்னலுக்கு மாற்றியதும் காலைக்குள் காய்ந்தது. காற்று வரும் ஜன்னல்தான் வேண்டும், கணப்புக்குப் பக்கத்தில் வைத்தால் முடி முறுகும். மூடி போட்ட டப்பாவில் ஈர பிரஷை வைக்கவே கூடாது. சோப்புக்கும் அப்படித்தான். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மூடியை உடனே மூடினால் மேலே வியர்த்துக் கூழாகும்.

வேரில் வாடை வரத் தொடங்கினால், வினிகரை ஆறேழு பங்கு வெதுவெதுப்பான நீரில் கலந்து, முடியைச் சில நிமிடம் அமிழ்த்தி அலசிவிடுவேன். கறுப்புப் புள்ளி வந்துவிட்ட இயற்கை முடியை வைத்துக்கொண்டு போராட மாட்டேன்.

இப்போது ஐப்பசி முதல் மார்கழி நடுப்பகுதி வரை எங்கள் வீட்டில் செயற்கை இழைதான். இன்னொரு கொத்து வாங்கி எனக்கும் ஒரு கைப்பிடி கடையக் கொடுத்திருக்கிறேன். தை பிறந்து வெயில் அடிக்கத் தொடங்கியதும் பன்றிமுடி வெளியே வரும், சித்திரை வரை அதுதான். இதே வேலையைத் தங்கள் வீட்டுப் பழைய கைப்பிடியில் செய்ய நினைப்பவர்கள், கொத்தை வரவழைப்பதற்கு முன் கைப்பிடியின் மேல்விளிம்பை வெர்னியரால் அளந்துவிடுங்கள். விளிம்பின் விட்டத்திலிருந்து 6 மி.மீ. கழித்தால் வருவதுதான் நீங்கள் வாங்கக்கூடிய பெரிய கொத்து. பழைய பித்தளை வளையம் இருந்தால் அதற்கு உட்புறமாக அளக்க வேண்டும்.